எண்களைக் காட்டுங்கள், ஆளை மறையுங்கள்: குலுக்கல் கேரக்டர்களோடு டெத்மேட்ச் நடத்துவது எப்படி?

கேள்வி: நாங்கள் 12 நண்பர்கள், ஒரே மெசேஜ் குழுவில் இருக்கிறோம். அதில் ஒரு டெத்மேட்ச் நடத்தினேன், அதாவது கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும் வரை மோதும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கேரக்டர். பலம், தற்காப்பு, வேகம், அதிர்ஷ்டம் என்று 4 எண்கள். ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரை கம்ப்யூட்டர் குலுக்கிக் கொடுத்தது. சஸ்பென்ஸ் போய்விடக் கூடாது என்று எண்களை யாருக்கும் காட்டவில்லை. தினம் ஒரு ரவுண்ட். ஒருவருக்கு மட்டும் எல்லாமே பெரிய எண்ணாக விழுந்து, பாதிப் பேரை அவரே தீர்த்துக்கட்டினார். அப்புறம் ஆட்டம் இழுத்தது. அவுட் ஆனவர்கள் குழுப் பக்கமே வரவில்லை. பகடையில் நான் கை வைத்தேன் என்றும் ஒரு பேச்சு. மறுபடி நடத்த ஆசை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: சஸ்பென்ஸுக்காக எண்களை மறைத்தீர்கள் பாருங்கள், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். குலுக்கலில் ஒரு பலசாலி உருவாவதால் ஆட்டம் கெடாது. அவர் பலசாலி என்பது மற்ற 11 பேருக்கும் தெரியாமல் போனால்தான் கெடும். தெரிந்திருந்தால் அவரை என்ன செய்வது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதற்குக் கணக்கில் ஒரு பழைய புதிர் இருக்கிறது. மூன்று பேர் முறை வைத்துச் சுட்டுக்கொள்கிறார்கள். முதல் ஆள் மூன்று தடவை சுட்டால் ஒரு தடவைதான் படும். இரண்டாம் ஆளுக்கு மூன்றில் இரண்டு படும். மூன்றாம் ஆள் குறி தப்பவே தப்பாது. யார் எப்படிச் சுடுவார் என்பது மூவருக்கும் தெரியும். மோசமாகச் சுடுபவருக்குத்தான் முதல் வாய்ப்பு. அவர் செய்யக்கூடிய நல்ல காரியம், வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துச் சுடுவது! அடுத்தவருக்கு மூன்றாம் ஆளைக் குறிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குறி தப்பினால், மூன்றாம் ஆள் சுட்டு வீழ்த்துவதும் அவரைத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள, நம் ஆள் பத்திரமாக நிற்கிறார். கணக்கை முழுதாகப் போட்டால் கடைசியில் பிழைக்கும் வாய்ப்பு மோசமான ஆளுக்கு 63-க்கு 25, நடுத்தர ஆளுக்கு 24, குறி தப்பாதவருக்கு வெறும் 14. பலர் மோதும் ஆட்டத்தில் பலம் என்பது முதுகில் ஒட்டிய இலக்குப் பலகை. உங்கள் ஆட்டத்தில் அந்தப் பலகையை நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

ஆகவே 12 கேரக்டர்களின் எண்களையும் முதல் நாளே குழுவில் போட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக வேறொன்றை மறையுங்கள்: எந்தக் கேரக்டர் யாருடையது என்பதை. அது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நண்பர்கள் ஆடும் ஆட்டத்தில் பாதி அடி கேரக்டருக்கு விழுவதில்லை, ஆளுக்கு விழுகிறது. போன வாரம் நடந்த வாய்ச்சண்டைக்குப் பழிவாங்குவார்கள், அல்லது நெருங்கிய நால்வர் ஒருவரை ஒருவர் தொடவே மாட்டார்கள். யார் யாரென்று தெரியாவிட்டால் இரண்டும் அடங்கும். கேரக்டராகப் பேச நினைப்பவர் உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பட்டும், நீங்கள் குழுவில் போடுங்கள். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பாதிச் சிரிப்பு அங்கேதான் வரும். சஸ்பென்ஸும் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

இனி கேரக்டர் உருவாக்கம். 1 முதல் 20 வரை நேராகக் குலுக்கினால் 1 விழவும் 20 விழவும் 10 விழவும் ஒரே வாய்ப்பு. நான்கு எண்களின் கூட்டுத்தொகை சராசரியாக 42 வரும். ஆனால் 12 பேரைக் குலுக்கினால் ஒருவருக்கு 60-ஐ ஒட்டியும் இன்னொருவருக்கு 23-ஐ ஒட்டியும் விழுவது சாதாரணம். அந்த 23-காரர் ஆட்டம் தொடங்குமுன்பே மனதளவில் அவுட். 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கேரக்டர் ஆட்டம் ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடை உருட்டச் சொன்னது. மூன்றைக் கூட்டினால் எண்கள் நடுவில் குவியும். 10 விழ 216-க்கு 27 வாய்ப்பு, 18 விழ 216-க்கு ஒன்றே ஒன்று. இது நல்ல முறை. ஆனாலும் கூட்டுத்தொகை ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும்.

நான் சொல்லும் முறையில் மொத்தம் எல்லாருக்கும் ஒன்றே, அது பிரிந்து விழும் விதம் மட்டும் குலுக்கல். அதிர்ஷ்டத்தைத் தூக்கிவிடுங்கள், பகடையே அதிர்ஷ்டம்தானே. மீதி தாக்கு (நீங்கள் பலம் என்றது), தற்காப்பு, வேகம். மூன்றுக்கும் ஆரம்பம் 2. அப்புறம் ஒரு பகடையை 6 தடவை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் தாக்குக்கு ஒரு புள்ளி, 3 அல்லது 4 என்றால் தற்காப்புக்கு, 5 அல்லது 6 என்றால் வேகத்துக்கு. எதுவும் 6-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த உருட்டலை மட்டும் மறுபடி உருட்டுங்கள். எல்லாருக்கும் மொத்தம் 12. ஆனால் ஒருவர் 6-2-4, இன்னொருவர் 3-5-4. இருவரும் ஆடும் விதமே வேறாகிவிடும்.

எண்களை விட ஆட்களுக்குப் பிடிப்பது கேரக்டரின் உருவம். தொழில், ஆயுதம், குறை என்று மூன்று பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றிலும் 12. மொத்தம் 1,728 சேர்க்கைகள் கிடைக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் புதிதாகக் குலுக்காதீர்கள். 12 ஆயுதங்களை 12 பேருக்கு அப்படிக் கொடுத்தால் யாருக்கும் ஒரே ஆயுதம் வராமல் இருப்பது நடக்காத காரியம்; மூன்று பேர் குடையோடு வந்து நிற்பார்கள். பட்டியலைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து மேலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ‘தூக்கத்தில் நடக்கும் தையல்காரர், கையில் மீன்வலை’, ‘தும்மல் நிற்காத நூலகர், கையில் இரும்பு ஏணி’ என்று தானாக விழும்போது வரும் வேடிக்கையை உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. ஆயுதத்துக்கும் குறைக்கும் தனி விதி எழுதும் ஆசை வரும். வேண்டாம், அவை கதைக்கு மட்டும். குழுவில் இருப்பவர்களையோ வேறு நிஜ மனிதர்களையோ கேரக்டராகப் போடவும் வேண்டாம். செத்து விழும் ஆட்டத்தில் அது யாருக்காவது நிச்சயம் உறுத்தும்.

சண்டைக்கு ஒரே விதி போதும். இரண்டு பகடையைக் கூட்டி, அடிப்பவரின் தாக்கைச் சேருங்கள். எதிரியின் தற்காப்போடு 7-ஐக் கூட்டினால் வரும் எண்ணைத் தொட்டால் அடி பட்டது. உதாரணம்: தையல்காரரின் தாக்கு 5, நூலகரின் தற்காப்பு 4. அதாவது 11 வேண்டும். பகடையில் 4-ம் 2-ம் விழுகிறது, கூட்ட 11, அடி பட்டது. சேதத்துக்கு ஒரு பகடை, அதில் 5. எல்லாருக்கும் ஆரம்ப உயிர் 12. நூலகருக்கு மிச்சம் 7. அந்த ரவுண்டில் நூலகர் ‘பதுங்கு’ என்று (இந்த ஆணைகளைப் பிறகு சொல்கிறேன்) எழுதியிருந்தால் தற்காப்பு 3 கூடி 14 வேண்டியிருக்கும்; அதே 11 வெறும் காற்றில் வீசிய வலை.

இரண்டு பகடையில் ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கவனியுங்கள். தாக்கும் தற்காப்பும் சமமாக இருந்தால் அடி பட 58 சதவீத வாய்ப்பு. ஒரு புள்ளி கூடினால் 72, இரண்டு கூடினால் 83. ஒரு புள்ளி குறைந்தால் 42. அதனால்தான் உச்சவரம்பு 6 என்று சொன்னேன். எண்கள் இன்னும் விரிந்து இருக்க வேண்டும் என்றால் 20 முகப் பகடைக்குப் போங்கள், அதில் ஒரு புள்ளிக்கு 5 சதவீதம்தான்.

எல்லாரும் ‘தாக்கு’, ‘பதுங்கு’, ‘ஓடு’ மூன்றில் ஒன்றை உங்களுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். கெடு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கிடுங்கள். முறை வைத்து ஆடினால் ஒருவர் பதில் போடாததற்கு 11 பேர் காத்திருக்க வேண்டும், அதுவே ஆட்டத்தைக் கொன்றுவிடும். 1959-இல் வெளியான ‘டிப்ளமசி’ பலகை ஆட்டம் இப்படித்தான் ஓடுகிறது: எல்லாரும் ஆணையை ரகசியமாக எழுதி ஒன்றாகத் திறப்பார்கள். ஆணை இல்லாத படை இருந்த இடத்திலேயே நிற்கும். நீங்களும் அதே மாதிரி, பதில் வராதவர் பதுங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு ரவுண்ட் வராதவர் உயிரில் 4 குறையட்டும். கெடுவை யாருக்காகவும், உங்கள் நெருங்கிய நண்பருக்காகவும், நீட்டாதீர்கள்.

இழுவைக்கு வருவோம். உங்கள் ஆட்டம் இழுத்ததற்குக் காரணம் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, கணக்குதான். ஒரு தாக்குதல் சராசரியாக உயிரில் 2 எடுக்கும் (58 சதவீத வாய்ப்பு, பட்டால் சராசரி 3.5). 12 பேரும் அடிக்கும்போது ஒரு ரவுண்டில் 24 வரை போகும். இரண்டே பேர் மிஞ்சும்போது 4 தான் போகும். ஆட்கள் குறையக் குறைய வேகமும் குறைகிறது. கடைசி இருவர் முழு உயிரோடு வந்து நின்றால் 5, 6 ரவுண்ட் அவர்களை மட்டுமே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு 4-ஆம் ரவுண்டில் இருந்து சேதத்தை ரவுண்டுக்கு ஒன்று கூட்டுங்கள்: 4-இல் 1, 5-இல் 2 என்று. 8-ஆம் ரவுண்டில் ஒரு அடியின் சராசரி 8.5, அதற்குமேல் யாரும் அதிகம் தாங்க மாட்டார்கள். கூடவே களத்தையும் சுருக்கலாம். 5 அறைகளில் தொடங்கி, 2 ரவுண்டுக்கு ஒன்றை மூடுங்கள். தாக்க வேண்டுமென்றால் ஒரே அறையில் இருக்க வேண்டும், அறை மாறத்தான் ‘ஓடு’. எந்த அறை எப்போது மூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் ஓடுவதா அடிப்பதா என்று யோசிக்க வேண்டி வரும்.

பகடைச் சந்தேகத்துக்கு வாய்ப்பேச்சால் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. உருட்டுவது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். டெலிகிராமில் பகடை எமோஜியை அனுப்பினால் என்ன விழும் என்பதை சர்வரே முடிவு செய்யும், அனுப்புபவர் கையில் இல்லை. குழுவிலேயே, எந்த அடிக்கு எந்தப் பகடை என்று முதலில் எழுதிவிட்டு அனுப்புங்கள். வேறு செயலி என்றால், தாக்குபவரும் தாக்கப்படுபவரும் பகடைக்கு ஒன்று வீதம் எண் அனுப்பட்டும். இருவருடையதையும் கூட்டி 6-ஆல் வகுத்து, மீதியோடு ஒன்று சேர்த்தால் அதுவே பகடை. ஒருவர் எண் மற்றவருக்கு முன்னால் தெரியாதவரை யாராலும் ஏமாற்ற முடியாது. நீங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் எண் குலுக்கித் தரும் ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) சூத்திரம் போடுபவர் என்றால் ஓர் எச்சரிக்கை: ஷீட்டில் எங்கே எதை மாற்றினாலும் அந்த எண்கள் எல்லாம் மறுபடி குலுங்கும். விழுந்ததும் மதிப்பாக மட்டும் நகலெடுத்து ஒட்டிவிடுங்கள். காலையில் பார்த்த எண் மாலையில் மாறியிருந்தால் கள்ளம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அவுட் ஆனவர்களுக்கு வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள். பேய்கள் என்று பெயர் வைத்து, அடுத்து எந்த அறை மூடும் என்பதை அவர்கள் வாக்கில் விடலாம். அது முடிந்ததும் குழுவில் அறிவித்துவிடுங்கள். தன்னைக் கொன்றவர் நிற்கும் அறையை மூடுவதில் பேய்களுக்கு இருக்கும் உற்சாகத்தை உயிரோடு இருந்தபோது பார்த்திருக்க மாட்டீர்கள். இறந்த கேரக்டர் யாருடையது என்பதை உடனே அறிவியுங்கள், அந்த அறிவிப்புக்காகவே பலர் காத்திருப்பார்கள். சாவை இரண்டு வரியில் வேடிக்கையாக எழுதினால் போதும், ரத்த வர்ணனை முதல் இரண்டு சாவுக்குப் பிறகு அலுத்துவிடும்.

கூட்டணி வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, ஆனால் கடைசியில் வெற்றியாளர் ஒருவர்தான் என்று சொல்லிவிடுங்கள். மீதியைத் துரோகம் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, வேகம். ஒரே ரவுண்டில் இருவர் ஒருவரை ஒருவர் வீழ்த்தினால் வேகம் கூடியவரின் அடி முதலில் விழுந்ததாகக் கொள்ளுங்கள், மற்றவரின் அடி செல்லாது. வேகமும் சமமாக இருந்து கடைசி இருவரும் சேர்ந்தே விழுந்தால், யார் ஜெயித்தார் என்று பேய்கள் வாக்களிக்கட்டும். இந்த விதியை முதல் நாளே எழுதி வையுங்கள். இருவரும் விழுந்த பிறகு எழுதினால் எந்த விதியும் ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும்.