பழியை ஆங்கிலேயர் தலையில் போடாதீர்கள்

கேள்வி: ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கேலிக் மொழி பேசுகிறார்கள். ஆனால் அங்கே ஊயிக் வட்டாரக் கடற்கரைப் பெயர்களைக் கேலிக் அகராதியில் தேடினால் பல அகப்படுவதில்லை. வரைபடம் போட்ட ஆங்கிலேயர் சிதைத்ததுதானே காரணம்?

பதில்: அவர்கள் பங்கு கொஞ்சம்தான். ‘வால்டோஸ்’ என்று ‘வி’ போட்டு எழுதியது காதில் விழுந்தபடியே. கேலிக்கில் அதே ஊரை ‘பி, எச்’ சேர்த்துத் தொடங்குவார்கள், ஒலி ‘வ’தான்.

அகப்படாதவற்றில் பெரும்பாலானவை நார்ஸ், அதாவது நார்வேயிலிருந்து வந்த வைக்கிங்குகளின் பழைய மொழிப் பெயர்கள். 1266இல் பெர்த் உடன்படிக்கை வரும்வரை இத்தீவுகள் நார்வேயின் கையில் இருந்தன. நார்ஸ் பெயரில் நிலக்கூறு (தீவு, விரிகுடா என்று நில வகையைச் சொல்லும் பகுதி) கடைசியில் வரும்: பாபாய் என்பதில் ‘ஆய்’ தீவு. ஊயிக் என்பதே ‘வீக்’, அதாவது விரிகுடா. அந்தப் பொருள் மறந்துபோன பிறகு கேலிக் பேசுவோர் முன்னால் தங்கள் மொழியில் விரிகுடாவான ‘காமஸ்’ஸையும் ஒட்டி ‘காமஸ் ஊயிக்’ ஆக்கினார்கள். ‘நடு சென்டர்’ என்கிற நமக்கு இது புதிதல்ல.

கேலிக் பெயரில் நிலக்கூறு முதலில் வரும்: ‘ரூஅ’ முனை, ‘த்ராய்’ மணற்கரை, ‘மோல்’ கூழாங்கல் கரை, ‘கியோ’ செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் குடைந்த இடுக்கு. இதில் மோலும் கியோவும் நார்ஸிலிருந்து கடன் வாங்கியவை. அதற்காக அவற்றில் தொடங்கும் பெயரை நார்ஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள், சூட்டியவர் கேலிக் பேசுவோர்.

இன்னொரு கண்ணி: கேலிக்கில் முன்னால் வேறு சொல் வந்தால் பெயரின் முதல் மெய் மாறலாம். ‘பாபாய்’, ‘கீலஸ் ஃபாபாய்’ (பாபாய் நீரிணை) என்றாகும். அதை ‘எஃப்’ வரிசையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயரைத் தனியாகவும் தொடரில் வைத்தும் உள்ளூர்க்காரர் வாயால் சொல்லச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு மைலுக்கு 6 அங்குல அளவில் அச்சான பழைய வரைபடத்தோடும், ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர்களுக்கான அய்ன்மன்-ஆச்ச ந ஹாலப அமைப்பின் தரவுத்தளத்தோடும் ஒப்பிடுங்கள்.

இடத்தையும் துல்லியமாகக் குறியுங்கள்: ‘ஸ்கெர் வோர்’ (பெரிய பாறை) என்ற பெயரில் ஒரே கரையில் பல பாறைகள் இருக்கும். வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் 6 இலக்கக் கட்டக் குறியீடு 100 மீட்டர்ச் சதுரத்தையே காட்டும். பாறைக்கு 8 இலக்கம் வேண்டும். பார்த்தபோது கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் குறியுங்கள். ஸ்கெர் தலை காட்டும் பாறை, ‘போ’ நீருக்குள் கிடந்து அலையை உடைக்கும் பாறை. ஏற்றத்தில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால், வற்றத்தில் வெளிப்படும் ஸ்கெரையும் போ என்று எழுதிவிடுவீர்கள்.