டெஸ்டிங் வேலை என்றதும் கலங்கிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகளுக்கு வந்திருக்கும் வேலை டெவலப்பர் வேலை இல்லை, ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலை என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். "நாலு வருஷம் புரோகிராமிங் படித்தவள், அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டே காலம் தள்ளிவிடுவாளோ?" என்ற வரியில்தான் உங்கள் பயம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓர் இணையச் செயலியில் லாகின், தேடல், ஆர்டர், பணம் செலுத்துதல் என்று பல பாதைகள் இருக்கும். டெவலப்பர் ஒரு மூலையில் ஒரு வரியை மாற்றினால் வேறொரு மூலையில் ஏதாவது உடையலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாப் பாதைகளையும் ஒருவர் கையால் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பிரவுசரைத் தானே திறந்து, படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தி, திரையில் வரவேண்டியது வந்ததா என்று சொல்லும் புரோகிராமை எழுதுகிறார்கள். உங்கள் மகள் எழுதப்போவது அதைத்தான். அதுவும் கோடு (code) தான்.

2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ், கையால் சொடுக்கிப் பார்க்கும் இந்த அலுப்பிலிருந்து தப்பிக்க உருவாக்கிய கருவியே செலினியம். பிரவுசரை வெளியிலிருந்து இயக்கும் வெப்டிரைவர் முறையை 2018-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. 2020-இல் மைக்ரோசாஃப்டிலிருந்து அதே வேலைக்கான ப்ளேரைட் வந்தது. குரோமியம் (குரோமின் அடித்தளம்), ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் அடித்தளம்) மூன்றிலும் ஒரே டெஸ்டை அதனால் ஓட்ட முடியும். கருவிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் "எந்தக் கருவிக்கு எதிர்காலம்?" என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. செலினியமோ ப்ளேரைட்டோ, ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றொன்று சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

இனி வரும் பகுதியை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்மைத் தேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்பவரையும் தேர்ந்தவரையும் பிரித்துக்காட்டும் இடம் ஒன்று உண்டம்மா: காத்திருப்பது. திரையில் பொத்தான் தெரியும், அழுத்தினால் வேலை செய்யாது, ஏனென்றால் சர்வரிலிருந்து தரவு இன்னும் வந்துசேர்ந்திருக்காது. புதிதாக எழுதுபவர்கள் உடனே "5 நொடி சும்மா இரு" என்று ஒரு வரி போடுவார்கள். சொந்த மடிக்கணினியில் ஓடும். வேகம் குறைந்த சர்வரில் விழும். பிறகு 5-ஐ 10 ஆக்குவார்கள். 200 டெஸ்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் 5 நொடி என்று வைத்துக்கொள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் வெறும் காத்திருப்பே 50 நிமிடம்! நேரத்துக்காகக் காத்திருக்காதே, நிலைமைக்காகக் காத்திரு. "'ஆர்டர் பதிவானது' என்ற வரி தெரியும்வரை பார், 5 நொடியைத் தாண்டினால் தோல்வி என்று சொல்" என்பதுதான் சரியான கட்டளை. ப்ளேரைட் சொடுக்குவதற்கு முன், அந்தப் பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். அதையும் மீறி நீ நொடிக்கணக்கில் தூங்கவைத்தால், அங்கே எதற்காகக் காத்திருக்கிறோம் என்று உனக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கோடு மாறாமலே ஒருமுறை பச்சையும் (வெற்றி) மறுமுறை சிவப்பும் (தோல்வி) காட்டும் டெஸ்டை ஃப்ளேக்கி என்பார்கள். 2016-இல் கூகுள் தன் கணக்கை வெளியிட்டபோது, மொத்த ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படித் தடுமாறுவதாகவும், டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தக் குறை ஓரளவாவது இருப்பதாகவும் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. பொய்ச் சிவப்பு அடிக்கடி வந்தால் குழுவினர் சிவப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். பிறகு உண்மையான பிழை வந்தாலும் "அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு" என்று தாண்டிப் போய்விடுவார்கள். தானாகவே மறுபடி ஓட்டும் வசதி பல கருவிகளில் கிடைக்கும். அதை வைத்துக் காரணத்தை மூடிவிடாதே.

காரணம் பெரும்பாலும் தரவில் இருக்கும். இரண்டு டெஸ்டுகள் ஒரே பயனர் கணக்கில் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று கூடையில் பொருளை எண்ணிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று கூடையைக் காலி செய்துவிடும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய பயனரைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும். எந்த வரிசையில் ஓட்டினாலும் முடிவு மாறக்கூடாது.

லொக்கேட்டர் (திரையில் ஒரு பொத்தான் எங்கே என்று டெஸ்டுக்குச் சொல்லும் அடையாளம்) விஷயத்தில், "இரண்டாவது பெட்டிக்குள் மூன்றாவது பெட்டி" என்று நீளும் எக்ஸ்பாத் முகவரியை விட்டுவிடு. வடிவமைப்பாளர் ஒரு பெட்டியை நகர்த்தினால் எல்லாம் போச்சு. "'உள்நுழை' என்ற பெயருள்ள பொத்தான்" என்று, பயனர் தேடுவதுபோலவே தேடு. அப்படித் தேடிக் கிடைக்கவில்லை என்றால், ஸ்கிரீன் ரீடரை நம்பி இருக்கும் பார்வையற்றவருக்கும் அந்தப் பொத்தான் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். அதையும் பிழையாகப் பதிவு செய். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வேலையில் சேர்வதற்குள் ஒரு சிறிய பிராஜெக்ட் செய்துவிடு. நீயே எழுதிய ஒரு செயலியை எடுத்துக்கொள். ஊரார் தளத்தில் டெஸ்டை ஓட்டிப் பழகாதே. நோடு (Node.js, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) நிறுவியபின் ப்ளேரைட்டின் ஒரே கட்டளை அமைப்புக் கோப்பு, மாதிரி டெஸ்ட், பிரவுசர்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். எட்டு டெஸ்டுகளுக்கு மேல் வேண்டாம். தள்ளுபடிக் கணக்குபோன்ற விதிகளை, பிரவுசர் இல்லாமல் ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிக்கும் யூனிட் டெஸ்டில் பார்த்துக்கொள், அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். பிரவுசர் டெஸ்ட் முக்கியமான பாதைகளுக்கு மட்டும் போதும். பிறகு கிட்ஹப்பில் இத்தகைய வேலைகளைத் தானே ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இணைத்து, நீ கோடு ஏற்றும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஹெட்லெஸ்ஸாக, அதாவது பிரவுசர் திரையில் தெரியாமல், ஓடவிடு. தோற்றால் டிரேஸ் கோப்பு சேமிக்கப்படும்படி அமைத்துவிடு. அதைத் திறந்தால் ஒவ்வோர் அடியிலும் திரை எப்படி இருந்தது, சர்வர் என்ன பதில் தந்தது என்று தெரியும்.

எல்லாம் பச்சையானதும் செயலியை வேண்டுமென்றே உடை. தவறான பாஸ்வேர்டையும் ஏற்கும்படி ஒரு நிபந்தனையைத் திருப்பிப் போடு. அப்போதும் டெஸ்ட் பச்சையாகவே இருந்தால் அது எதையும் சோதிக்கவில்லை. எதிர்பார்ப்பைச் சொல்லும் வரிக்கு முன்னால், 'முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் அவெய்ட் விட்டுப்போனால்கூட இப்படி ஆகும். எதை உடைத்தாய், எந்த டெஸ்ட் பிடித்தது, எது கோட்டைவிட்டது என்று பிராஜெக்டின் விளக்கக் கோப்பான ரீட்மீயில் எழுதிவை. நேர்காணலில் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன் அம்மா. சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐஎஸ்டிகியூபி என்னும் டெஸ்டிங் சான்றிதழின் அடிப்படைத் தேர்வு துறையின் சொற்களைக் கற்றுத்தரும், கெடுதல் இல்லை. மேலே சொன்ன பிராஜெக்டுக்கு அது ஈடாகாது. ஏஐ வந்து இந்த வேலையை எடுத்துவிடுமா என்றால், ஸ்கிரிப்ட் தட்டும் பகுதி எளிதாகிவிட்டது உண்மைதான். எதைச் சோதிக்க வேண்டும், வந்த பச்சையை நம்பலாமா என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளாக அவள் வளரவேண்டும்.

உங்கள் பயத்துக்கு உண்மையான காரணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆட்டோமேஷன் என்று எடுத்துவிட்டு, இரண்டு வருடம் எக்ஸல் பட்டியலைப் பார்த்துக் கையால் சொடுக்கவைத்த இடத்திலிருந்து வந்த பிள்ளைகளோடு நான் பேசியிருக்கிறேன். மறுபடி கோடு எழுத உட்காரும்போது அவர்கள் படும் பாடு பெரிது. அதனால் சம்மதம் சொல்லும் முன் அவள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். டெஸ்ட் கோடும் செயலியின் கோடும் ஒரே ரெப்போவில் (கோடு சேமித்துவைக்கும் இடத்தில்) இருக்கிறதா? டெஸ்ட் எழுதுபவர்களின் கோடும் டெவலப்பர்களின் ரிவ்யூவுக்குப் போகிறதா? ஒரு டெஸ்ட் சிவப்பானால் முதலில் அதைத் திறந்து பார்ப்பது யார்?

பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். வந்த பதிலை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.