பால்வினைத் தொற்று உள்ளவர்களை வைத்து, அவர்களைக் காயப்படுத்தாமல் டேட்டிங் நிகழ்ச்சி எடுப்பது எப்படி?

சம்மதப் படிவம் இரண்டு வேண்டும்: பங்கேற்க ஒன்று, தொற்றைப் பற்றி கேமரா முன் பேச ஒன்று. இறுதி எடிட் முடியும்வரை இரண்டாவதைத் திரும்பப் பெறலாம் என்று அதிலேயே எழுதுங்கள்.

பெரும்பாலும் கெடுவது புரோமோவில்தான். அதை வேறொரு குழு வெட்டும். "எனக்கு ஹெர்பிஸ் இருக்கு" என்ற வரி, உடனே அதிரடி இசை, எதிரே அதிர்ந்த முகம், விளம்பர இடைவேளை. போக்க வந்த களங்கத்தை நாமே பூசிவிடுகிறோம். அந்த வரி புரோமோவில் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். பங்கேற்பாளர் சம்மதித்தால், டேட்டிங்கில் துணையாக வருபவருக்குத் தொற்றைப் பற்றிப் படப்பிடிப்புக்கு முன்பே தெரிவித்துவிடுவது நல்லது.

மருத்துவத் தகவலை நிபுணர் சரிபார்க்கட்டும். கிளமிடியா, சிபிலிஸ் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். சிகிச்சையால் எச்ஐவி தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவு வழியே பரவாது. இவற்றைச் சொல்லாமல் "தைரியசாலி" என்று புகழ்வது போதவே போதாது.

ஒளிபரப்பாகும் இரவில் ஆலோசகர் போனில் கிடைக்க வேண்டும். வசைக் கருத்துகளை நீக்கவும் ஆள் வேண்டும்.