சாய்தலும் சாயங்காலமும்

அன்புள்ள ஐயா,

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சந்தேகம். சாய்வு நாற்காலியில் சாய்கிறோம். சூரியன் சாய்கிற நேரம் சாயங்காலம். இரண்டும் ஒரே சொல்தானே? சாயங்காலம் வடமொழி என்று சிலர் சொல்கிறார்களே, அது தவறா? 'சாய்' என்ற வினையின் மூலம்தான் என்ன?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

'சாய்' தமிழ்ச்சொல்தான். மலையாளத்திலும் 'சாயுக' என்று இருக்கிறது. ஆனால் சாயங்காலம் அதிலிருந்து வரவில்லை. 'ஸாயம்' என்றாலே வடமொழியில் மாலைப்பொழுது. ரிக்வேதத்திலேயே அந்தச் சொல் உண்டு. இந்திக்காரர்களும் 'சாயங்கால்' என்கிறார்கள்; அவர்களிடம் 'சாய்' என்ற வினையே கிடையாது. தமிழ்க் காதுக்கு அது 'சாயும் காலம்' என்று கேட்டது இயல்புதான். அதற்காக அதை நம்முடையது என்று நிறுவ வேண்டியதில்லை. 'பொழுது சாய வந்தான்' என்று நாம் சொல்கிறோமே, அது போதும்.

மூலம் கேட்டீர்கள். தொல்காப்பியத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் சொற்பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதி, 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்று நான்கை அடுக்கி ('சாஅய்' என்பது நம் 'சாய்' நீண்டு ஒலிப்பதுதான்), நான்குக்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. அதாவது, இருந்தது மெலிந்து குறைவது. முதுகைச் சாய்க்கிற பேச்சே அங்கே இல்லை. குறுந்தொகை 239ஆம் பாட்டு 'தொடி நெகிழ்ந்தனவே தோள் சாயினவே' என்று தொடங்குகிறது. இன்று படிப்பவர் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது என்று நினைத்துவிடலாம். இல்லை, தோள் மெலிந்துவிட்டது. அதனால்தான் வளை கழல்கிறது. எவ்வளவு அழகான வரி!

மெலிவதும் சரிவதும் எப்படி ஒரே சொல்லில் வந்தன? வலுவிழப்பதுதான் இரண்டுக்கும் அடி என்று நான் நினைக்கிறேன். வலு குறைந்தால் நேராக நிற்க முடியாது. புயலில் மரம் சாய்ந்தது, போரில் படை சாய்ந்தது என்பதிலெல்லாம் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஓய்வாகச் சாய்ந்து உட்காருவது அதன் மென்மையான ஒரு பக்கம், அவ்வளவே.

அப்புறம், 'சார்' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாய்வதற்குத் துணை தேவையில்லை. வயல் நடுவே தனிப் பனை சாய்ந்து நிற்கும். சார்வதற்கு இன்னொன்று வேண்டும். ஏணியைச் சுவரில் சார்த்துகிறோம், பேச்சில் 'சாத்தி வை' என்கிறோம். நாம் சாய்வு நாற்காலி என்பதை மலையாளிகள் 'சாருகசேர' என்கிறார்கள். நாம் உடம்பின் நிலையைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் முதுகைத் தாங்கும் பலகையைப் பார்த்து வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அதுவே சாய்மனைக் கதிரை. எனக்கு இந்த மூன்றில் அதுதான் மிகவும் பிடிக்கும்.

'சாய்த்தல்' இன்னும் தூரம் போகிறது. குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஈழத்தில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போவார்கள், அதாவது ஓட்டிக்கொண்டு. 'இவ்வளவு படிச்சு என்னத்தைச் சாய்ச்சே?' என்று வீட்டில் திட்டுவதும் இந்த வினையால்தான். உங்கள் ஊரில் வேறு வழக்கு இருந்தால் அவசியம் எழுதுங்கள்.