வரையத் தெரிந்த ஆளா, வரிசை பார்க்கும் ஆளா?

கேள்வி: அக்கா, நான் குழந்தைகளுக்கு ஃபேஸ் பெயின்டிங் போடுகிறேன். இதுவரை பிறந்தநாள் வீடு, பள்ளி விழா என்று போய்க்கொண்டிருந்தேன். வருகிற மே மாதம் கொடைக்கானலில் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் தெரிந்தவர் கடை வாசலில் பத்து நாளைக்கு ஸ்டால் போட இடம் கிடைத்திருக்கிறது. போன மாதம் ஒரு பள்ளி விழாவில் தனியாக உட்கார்ந்தேன், வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதனால் உதவிக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்று நினைக்கிறேன். நன்றாக வரைகிறவர்கள் கேட்கிற சம்பளம் கட்டுப்படியாகவில்லை, குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர்களுக்கு வரையத் தெரியவில்லை. யாரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வரையத் தெரிந்த ஆளைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள், தங்கச்சி. அன்றைக்கு உங்கள் நேரம் எங்கே போனது என்று நினைத்துப் பாருங்கள். கன்னத்தில் ஒரு பட்டாம்பூச்சி போட மூன்று நிமிடம்தான் ஆகும். அது முடிந்ததும் கையைத் துடைத்து, காசை வாங்கி, சில்லறை தேடி, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டு, "என்ன வேணும் கண்ணா" என்று கேட்டு, அது ஸ்பைடர்மேனா புலியா என்று முடிவு பண்ணுவதற்குள் இன்னொரு மூன்று, மூன்றரை நிமிடம் ஓடிப்போயிருக்கும். அந்த மூன்றரை நிமிடத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கிவைக்கத்தான் ஆள் வேண்டும். இன்னொரு ஓவியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவரும் இதே மாதிரி சில்லறை தேடிக்கொண்டுதான் இருப்பார்.

கணக்காகவே பார்ப்போம். தனியாக இருந்தால் மணிக்கு ஒன்பது கன்னம். ஆள் இருந்து, அடுத்த குழந்தை முகம் துடைத்து, படம் தேர்ந்தெடுத்து, காசும் கொடுத்துவிட்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் மணிக்குப் பதினைந்து. ஒரு கன்னத்துக்கு 50 ரூபாய் என்று வைத்தால், கூட்டம் இருக்கிற ஐந்து மணி நேரத்தில் முப்பது குழந்தைகள் கூடுதல், அதாவது 1,500 ரூபாய். உதவிக்கு வருகிறவருக்கு 800 ரூபாய் சம்பளமும் சாப்பாடு, டீ, பஸ்ஸுக்கு 200 ரூபாயும் கொடுத்தாலும் உங்களுக்கு 500 ரூபாய் நிற்கிறது, கழுத்து வலியும் குறைகிறது. முழு முகம் போடுவதென்றால் கணக்கு வேறு; அது எப்படியும் பத்து நிமிடம் இழுக்கும், அங்கே ஆளால் மிச்சமாகிற நேரம் குறைவு. அதனால் கூட்டமான நேரத்தில் கன்னப் படங்கள் மட்டும் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள், முழுப் புலி வேண்டுமென்றால் காலையில் வரச் சொல்லுங்கள்.

சரி, யாரை எடுப்பது? மே மாதம் பள்ளிகளுக்கு விடுமுறை. கொடைக்கானலிலேயே பிளே ஸ்கூல் டீச்சர், ஆயா, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று விசாரியுங்கள். நாலு வயதுக் குழந்தையின் அழுகையைப் பார்த்துப் பதறாதவர்கள் அவர்கள்தான். உள்ளூர்க்காரர் என்றால் தங்குகிற செலவு கிடையாது. கேரளாவிலிருந்து நிறையக் குடும்பங்கள் வரும் ஊர் என்பதால் மலையாளம் பேசுகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. மெஹந்தி போடுகிற பெண்கள், பார்லரில் பழகுகிறவர்களும் ஒத்துவருவார்கள், கை சுத்தம் அவர்களுக்கு ஏற்கனவே பழகியிருக்கும். திண்டுக்கல்லிலிருந்தே கூட்டிக்கொண்டு போவதானால் ஒரு விஷயம்: 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. பெட்டிகளோடு உங்கள் வண்டி போகட்டும் என்றால் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

ஆளைப் பேட்டி எடுத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. மே மாதத்துக்கு முன்னால் ஒரு அபார்ட்மென்ட் விழாவுக்கோ பிறந்தநாளுக்கோ ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போங்கள், அன்றைக்கும் சம்பளம் கொடுத்துத்தான். திருச்சியில் ஒரு பள்ளி விழாவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஸ்டூலில் ஏறிய குழந்தை பிரஷ்ஷைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானது. அந்தப் பெண் எதுவும் பேசவில்லை, ஈர பிரஷ்ஷை எடுத்துத் தன் புறங்கையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள், அப்புறம் குழந்தையின் புறங்கையை அதுவாக நீட்டும் வரைக்கும் காத்திருந்து அதில் ஒரு புள்ளி வைத்தாள். மூன்றாவது புள்ளி மூக்கில். அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி கிடைத்தால் அவளுக்குக் கோடு நேராகப் போடத் தெரியாவிட்டால் என்ன?

இன்னொன்றும் அன்றைக்கே தெரிந்துவிடும்: மறுத்துச் சொல்கிற தைரியம். முகத்தில் புண், சிரங்கு, ஆறாத கீறல், கண் சிவந்து மெட்ராஸ் ஐ, அம்மை போட்டு ஆறிவரும் தழும்பு, இவை இருக்கிற குழந்தைக்கு வண்ணம் போடக்கூடாது. அம்மா அப்பா கெஞ்சுவார்கள், "ஒண்ணும் ஆகாது, போடுங்க" என்று அதட்டவும் செய்வார்கள். உங்கள் ஆள் வரிசையிலேயே இதைக் கவனித்து, தன்மையாக, "கையில போட்டு விடறோம்மா" என்று திருப்பிவிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கைதான். புண் இருக்கிற குழந்தைக்குக் கையில் போட்டால்கூட அந்த பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் அப்படியே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

சுத்தம் முழுக்க அவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பாஞ்ச், போட்டு முடித்ததும் அது அழுக்கு வாளிக்குப் போய்விடும். இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஐம்பது அறுபது ஸ்பாஞ்ச் எடுத்துப் போங்கள், ராத்திரி சோப்புப் போட்டு அலசி விரித்துக் காய வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் மலைக் குளிரில் காயாமல் பூஞ்சை வாடை வந்துவிடும். பிரஷ் அலசுகிற தண்ணீர் கலங்கியதும் கேட்காமலே மாற்றுகிற ஆள்தான் நல்ல ஆள். கொடைக்கானலுக்கு என்று ஒன்று சொல்கிறேன்: ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து, பிரஷ் நனைக்கிற தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் தொட்ட பிரஷ் கன்னத்தில் பட்டால் குழந்தை துள்ளும், கோடு காதுவரை போகும். மூடுபனி இறங்கினால் வண்ணம் சீக்கிரம் காயாது, ஓர் ஓலை விசிறி கையில் இருக்கட்டும்.

சம்பளம், நேரம், சாப்பாடு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மே மாதச் சாயங்காலம் அங்கே மழை வரும், மழை பெய்து ஸ்டாலை மூடினால் என்ன தருவீர்கள் என்பதையும் சேர்த்து. பாதியாவது தர வேண்டும் என்பது என் எண்ணம், அவர் தன் நாளை உங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு வந்தவர். காசு விஷயத்தில் டோக்கன் வையுங்கள். காசு வாங்கியதும் ஒரு டோக்கன், அதைக் குழந்தை உங்கள் டப்பாவில் போட்டுவிட்டு உட்காரட்டும். ராத்திரி டோக்கனையும் பணத்தையும் இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணுங்கள். கியூஆர் அட்டை உங்கள் கணக்காக இருக்கட்டும், சவுண்ட் பாக்ஸ் இருந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அப்புறம், அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றவர்களுக்காகத்தான் 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். உங்களுடையது பத்து நாள் ஸ்டால்தான், ஆனால் கால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பெண், நன்றாக வரைவாள், அவளே ஆசைப்பட்டு வருகிறேன் என்கிறாள். பொருட்காட்சியில் சாயங்காலம் நாலு மணியிலிருந்து பத்து மணி வரை. சேர்த்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்த நேரத்துக்கு வேண்டாம். 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதே குற்றம் என்பது பலருக்கும் தெரியும். 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கும் வரம்பு இருக்கிறது என்பது தெரிவதில்லை. 1986-ம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது இவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்: தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான், இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வேலையே கூடாது. பொருட்காட்சியில் கூட்டமே ஏழு மணிக்கு மேல்தான். கூட்டம் சேருகிற நேரத்தில் அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், உங்களுக்கும் உபயோகமில்லை.

அவள் ஆசையை அப்படியே விடவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் நடக்கும் பள்ளி விழா, அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு கூட்டிப் போங்கள், சம்பளத்தை அவள் கையிலேயே கொடுங்கள். பதினெட்டு முடிந்த பிறகும் வரைய ஆசை இருந்தால் எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் அக்காவின் ஃபேஸ் பெயின்டிங் ஸ்டாலில் உதவிக்குப் போகிறேன். "தொழில் கத்துக்கிறே இல்ல, அதுவே பெரிசு" என்று சாப்பாடும் பஸ் காசும் மட்டும் தருகிறார். இப்போது, நீயே தனியாகப் போடு, ஒரு முகத்துக்குப் பத்து ரூபாய் தருகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கற்றுக்கொடுப்பது என்றால் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே இழுப்பில் கண்ணீர்த்துளி வடிவம் எப்படிப் போடுவது, வண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, மூக்கையும் கண்ணோரத்தையும் எப்படித் தாண்டுவது என்று காட்டித் தருவது. ஸ்பாஞ்ச் கழுவி, வரிசை பார்த்து, காசு வாங்கிப் போட்டது வேலை. அந்த வேலையால்தான் அவருக்கு அன்றைக்கு அத்தனை முகம் முடிந்தது. அதற்குக் கூலி உண்டு.

முகத்துக்குப் பத்து ரூபாய் என்பதில் கூட்டம் வராத நாளின் நஷ்டம் முழுக்க உன் தலையில் விழும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கேள்: நாளுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான சம்பளம், நீயே போட்ட முகங்களுக்கு மேல்வரும்படி. வண்ணமும் பிரஷ்ஷும் இடமும் அவருடையவை, அதனால் பாதி கேட்பது சரியில்லை. 50 ரூபாய் வாங்கும் படத்துக்கு நிலையான சம்பளம் போக 15 ரூபாய் என்பது கேட்கத் தகுந்ததுதான். மரியாதையாகக் கேள், "அக்கா, எனக்கு ஃபீஸ் கட்டணும், இப்படி வெச்சுக்கலாமா" என்று. மறுத்தால் வருத்தப்படாமல் விலகிக்கொள். நீ போட்ட படங்களை, குழந்தையின் பெற்றோரிடம் கேட்டுவிட்டு மட்டும், போட்டோ எடுத்து வைத்திருக்கிறாயா? அடுத்த இடத்தில் உனக்காக அவைதான் பேசும். குழந்தையின் பெயரோ பள்ளியோ தெரியும்படி எங்கும் போடாதே.

கேள்வி: புதிதாக வந்த உதவியாளர், செலவு குறையும் என்று ஸ்டேஷனரி கடை கிளிட்டரும், போஸ்டர் கலரும், "பிளாக் மெஹந்தி" கோனும் வாங்கி வந்திருக்கிறார். அட்டையில் நான்-டாக்ஸிக் என்று போட்டிருக்கிறது. பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மூன்றும் வேண்டாம். நான்-டாக்ஸிக் என்றால் வாயில் பட்டால் விஷமில்லை என்ற அளவுதான், தோலில் மணிக்கணக்கில் பூசி வைக்கலாம் என்று அர்த்தமில்லை. போஸ்டர் கலர், அக்ரிலிக், ஃபேப்ரிக் பெயின்ட் எதுவும் முகத்துக்குச் செய்தவை அல்ல. கைவினைக் கிளிட்டர் கரகரவென்று கூர்மையாக இருக்கும், கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். பிளாக் மெஹந்தியில் தலைமுடிச் சாயத்தில் போடும் பாரா-ஃபினைலின்டையமின் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துத் தழும்பாகலாம், அந்த ஒவ்வாமை பிற்காலத்தில் சாயம் பூசும்போதும் திரும்ப வரலாம். உண்மையான மருதாணி உடனே கறுப்பாகப் பிடிக்காது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வாங்கி வந்தவரைத் திட்டாதீர்கள், உங்களுக்குப் பணம் மிச்சம் பிடிக்கத்தான் பார்த்திருக்கிறார். முகத்துக்கென்றே விற்கும், தண்ணீர் தொட்டுப் போடும் கேக் வண்ணங்களைக் காட்டி, காலாவதித் தேதியும் கலந்திருக்கும் பொருட்களின் பட்டியலும் எங்கே அச்சடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். தோல் அலர்ஜி உள்ள குழந்தை என்று பெற்றோர் சொன்னால் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வரச் சொல்லுங்கள், அரிப்போ சிவப்போ வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். கலைக்கும்போது வறட்டுத் துணியால் தேய்க்காமல் சோப்பு நுரையும் தண்ணீரும் போடச் சொல்லுங்கள், சிவப்பும் பச்சையும் கொஞ்சம் தங்கினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். காஸ்மெட்டிக் கிளிட்டர் வாங்கினாலும் கண் இமைக்கும் கண்ணோரத்துக்கும் கொண்டுபோகாதீர்கள், நெற்றியிலும் கன்னத்திலும் வைத்தால் போதும்.