அம்மா திருப்பித் தராத கேம்பாய்

கேள்வி: வீடியோ கேம் கன்சோல் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். என் மகன் டெராஃப்ளாப்ஸ், ரேம், ஃப்ரேம் ரேட் என்று திறன் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையையே நீட்டுகிறான். எதில் எண்கள் அதிகமோ அதையே வாங்கிவிடலாமா?

பதில்: அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, "இதில் எந்த கேம் விளையாடப் போகிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று இரண்டு பெயர் சொன்னால் வாங்கலாம். யோசித்தான் என்றால் அவனுக்குப் பிடித்திருப்பது அட்டவணைதான்.

1989-ல் வந்த நிண்டெண்டோவின் கையடக்கக் கருவி கேம்பாயில் வண்ணம் கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. அதே ஆண்டு வந்த போட்டிக் கருவி அட்டாரி லின்க்ஸில் இரண்டும் உண்டு. ஆனால் விற்றது கேம்பாய்தான். அமெரிக்காவில் அதனுடன், விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேம் சேர்ந்தே வந்தது. பையன்கள் மட்டும் போதுமென்றால் மாரியோவைக் கொடுங்கள், எல்லோரும் வேண்டுமென்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்று தான் நிண்டெண்டோவிடம் வாதாடியதாக, டெட்ரிஸ் உரிமையை அதற்குப் பெற்றுத் தந்த ஹெங்க் ரோஜர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த 'எல்லோரும்' யாரென்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் கொடு, பார்த்துட்டுத் தரேன்" என்று என் அம்மா வாங்கினால், பேட்டரி தீர்ந்த பிறகுதான் அது என் கைக்குத் திரும்பி வரும். (பேட்டரி என்றதும் ஒன்று: லின்க்ஸுக்கு ஆறு வேண்டும், கேம்பாய்க்கு நான்கு போதும். அதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளலாம்.)

நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்த 2017 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. அந்த மாதம் அமெரிக்காவில் விற்ற ஸ்விட்ச் சுமார் 9,06,000. அதற்கான செல்டா கேம் விற்றதோ சுமார் 9,25,000! கருவி கிடைக்கும் முன்பே கேமை வாங்கி வைத்தவர்களும், ஒன்று விளையாட, ஒன்று பிரிக்காமல் பாதுகாக்க என்று இரண்டாக வாங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். திறனில் ஸ்விட்ச், போட்டியாளர் பிளேஸ்டேஷன் 4-க்குக் கீழேதான்.

கேள்வி: அப்படியானால் வன்பொருள் ஒரு பொருட்டே இல்லையா?

பதில்: பொருட்டுதான். நம்மைவிட கேம் செய்கிறவர்களுக்கு. நிண்டெண்டோ 64-ல் இருந்தது 64 பிட் பிராசஸர், போட்டியாளர் பிளேஸ்டேஷனில் 32 பிட். ஆனால் நிண்டெண்டோ, கேமைச் சிப்பில் பதித்துத் தரும் கார்ட்ரிட்ஜை விடவில்லை. அதில் அதிகபட்சம் 64 எம்பி அடங்கும், பிளேஸ்டேஷன் பயன்படுத்திய சிடி ஒன்றில் 650 எம்பி. ஃபைனல் ஃபேன்டஸி என்ற கதை கேம் வரிசையின் முதல் ஆறையும் நிண்டெண்டோ கருவிகளுக்கே செய்த ஸ்கொயர் நிறுவனம், 1997-ல் ஏழாவதைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. அது மூன்று சிடி நீளம். கடைசிக் கணக்கில் விற்றது பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. கார்ட்ரிட்ஜில் லோடிங்குக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது நிண்டெண்டோ தரப்பு நியாயம். வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் கதைக்காக, நடுவில் சிடி மாற்றிப் போட்டும்கூட, காத்திருக்க ஜனங்கள் தயாராக இருந்தார்கள்.