பல் வலி நின்றுவிட்டது, இனி எதற்கு டாக்டர்? – கேள்வி பதில்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே மெஷின், தாத்தா முதல் பேரன் வரை ஒரே வீட்டிலிருந்து வரும் பேஷண்டுகள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன். வாயைப் போட்டோ எடுத்து அனுப்பியவர்கள் மன்னிக்கவும், போட்டோவைப் பார்த்துப் பல்லுக்கு வைத்தியம் சொல்ல என்னால் முடியாது. பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.

கடவாய்ப் பல்லில் மூன்று வாரமாக உயிர் போகிற வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், இப்போது சுத்தமாக வலி இல்லை. இனியும் ரூட் கேனால் செய்ய வேண்டுமா மேடம்?

ஆறு பேர் இதையே வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறீர்கள். வலி நின்றுவிட்டது என்று யாராவது சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

பல்லுக்கு நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற ஒரு சின்ன அறை உண்டு. சொத்தை அதுவரை போனதும் உள்ளே இருக்கும் சதை வீங்கும். கையில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது, பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீக்கம் எங்கே போகும்? அந்த அழுத்தம்தான் வலி. ராத்திரி படுத்தால் தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் இன்னும் விண்விண் என்று தெறிக்கும். சில நாள், சில வாரம் கழித்து அந்த நரம்பு செத்துவிடும். செத்த பிறகு ஏது வலி? மாத்திரை கேட்டுவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள், கிருமி நிதானமாக வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் கன்னம் பன் மாதிரி வீங்கி நிற்கும்.

ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும், செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. வெளியே பரவிய வீக்கத்தை அது கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். உள்ளே சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அதுதான் ரூட் கேனால். இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில் விழுங்கக் கஷ்டம், வாய் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரூட் கேனால் செய்த பல்லுக்கு கேப் போட்டே ஆக வேண்டுமா, அதுவும் பணம் பிடுங்குகிற வழிதானா?

நேராகக் கேட்டதற்கு நன்றி. கேப் என்பது பல்லின் மேல் மாட்டுகிற உறை. முன்பற்களுக்குச் சில நேரம் அது வேண்டியதில்லை, அடைத்து விட்டாலே போதும். கடவாய்ப் பல்லுக்கு அநேகமாக எப்போதும் வேண்டும். காரணம் சொல்கிறேன்.

முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு பல்லின் மேலே ஒரு துளை போட்டு, ஊசியைவிட மெல்லிய ஃபைல்களால் வேருக்குள் இருக்கும் அழுகலைச் சுரண்டி எடுப்போம். நடுநடுவே உள்ளே விட்டுக் கழுவுகிற தண்ணீரில் ஒரு மாதிரி ப்ளீச்சிங் வாசம் அடிக்கிறது என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அது கிட்டத்தட்ட ப்ளீச்சிங்தான், சோடியம் ஹைப்போகுளோரைட். சுத்தமானதும் குட்டா பெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சியால் வேரை அடைப்போம். அது மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால். நம் இலுப்பையும் சப்போட்டாவும் அந்த மரத்தின் குடும்பம்தான் (பேஷண்டுக்கு இது தேவையில்லாத செய்தி, ஆனால் எனக்குச் சொல்லப் பிடிக்கும்).

இத்தனையும் முடிந்தபோது பல்லில் மிஞ்சியிருப்பது சுற்றுச் சுவர் மட்டும். சொத்தை பாதியைத் தின்றிருக்கும், நாங்கள் வழி பண்ணியது மீதி. அதில் முறுக்கைக் கடித்தால் சுவர் பிளக்கும். பிளவு ஈறுக்குக் கீழே போய்விட்டால் அந்தப் பல்லை எடுப்பதுதான் மிச்சம், செய்த ரூட் கேனாலும் வீண். வலி போய்விட்டதே, கேப்பை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போனவர்களை பொங்கல் முடிந்த வாரம் பார்ப்பேன், கரும்பு கடித்திருப்பார்கள். காசு முடை என்றால் கடைவாயில் மெட்டல் கேப் போடுங்கள். அழகு இல்லை, உறுதி உண்டு. பல் நிறத்தில் இருக்கிற சிர்கோனியா கேப்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று மாமியார் சொல்கிறார்.

போகாது. கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, இரண்டுக்கும் தொடர்பு இல்லை. மேல் பல் எடுக்கிற வயதும் கண்ணாடி போடுகிற வயதும் பல பேருக்கு ஒன்றாக வந்துவிடுகிறது, பழி பல் மேல் விழுகிறது. சீழ் வைத்த மேல் பல்லை எடுக்காமல் விட்டால்தான் கண்ணுக்கடியில் வீங்கும். மாமியாரை ஒரு நாள் அழைத்து வாருங்கள், நானே சொல்கிறேன்.

பல் க்ளீனிங் செய்த பிறகு பல் ஆடுகிறது, இடைவெளி விழுந்துவிட்டது. ஏன் செய்தோம் என்று இருக்கிறது.

உங்கள் ஆதங்கம் புரிகிறது, நிறையப் பேர் இதைச் சொல்லித்தான் க்ளீனிங் பக்கமே வருவதில்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே படிகிற அழுக்கு, எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிறது. பத்துப் பதினைந்து வருடம் விட்டால் கீழ் முன்பற்களின் பின்பக்கம் ஒரே மதில் சுவர் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் கிருமி, அதனால் ஈறு இறங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். எலும்பு போன பல்லை அந்தக் காரைதான் சிமெண்ட் மாதிரி ஒட்டி வைத்திருக்கும். நாங்கள் அதை எடுத்ததும் உண்மை வெளியே வருகிறது. இடைவெளியும் அப்படித்தான், காரை உட்கார்ந்திருந்த இடம். ஒரு பெரியவருக்கு எடுத்தபோது கிட்டத்தட்ட ஒரு அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே டிரேயில் டக் என்று விழுந்தது, என் பல் உடைந்துபோச்சு என்று எழுந்தே விட்டார்!

அந்த மெஷின் பல்லை அறுப்பதில்லை. அதன் நுனி நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்ந்து காரையை உதிர்க்கும், சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சும். சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கும். ஆட்டம் இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் ஈறு வைத்தியம் தனியாகத் தேவை, மறுபடி காட்டுங்கள். பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருகிறது என்று பிரஷ் பண்ணுவதையே விடுகிறவர்களுக்கும் இதே பதில்தான், சுத்தம் இல்லாததால்தான் ரத்தம் வருகிறது.

என் பையனுக்கு ஆறரை வயது. கடைசிப் பல்லில் கறுப்பாக ஓட்டை. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடலாமா அக்கா?

தம்பி, அது அநேகமாகப் பால் பல் இல்லை. ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு கடவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்பது வயது வரை மெல்ல வேண்டிய பல் அது, என் கிளினிக்கில் பிள்ளைகளுக்கு முதலில் சொத்தையாவதும் அதுதான். இந்த வாரமே காட்டி அடைத்துவிடுங்கள். அப்புறம், பால் பல்லாகவே இருந்தாலும் சீக்கிரம் எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் கிளிப் போட ஓட வேண்டியிருக்கும்.

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வெற்றிலை போடுவாளா என்று கேட்கிறார்கள்.

படித்ததும் கஷ்டமாக இருந்தது. அது வெற்றிலையும் இல்லை, சுத்தக்குறைவும் இல்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பாறைத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு, இங்கே பல போர்வெல்களில் அதைத் தாண்டும். தாடைக்குள் பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே கெட்டுப்போகிறது. கறை உள்ளே இருக்கிறது, தேய்த்தால் எப்படிப் போகும்? சாம்பல், செங்கல் பொடி என்று தேய்த்தால் நல்ல எனாமலும் போய்விடும். லேசான கறையை கிளினிக்கில் நாங்கள் மேலோட்டமாகத் தேய்த்து எடுக்கலாம், ஆழமானதை பல் நிறத்துப் பூச்சாலோ வெனீர் என்கிற மெல்லிய ஓட்டாலோ மூடலாம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் குடிக்க, சமைக்க அதையே வையுங்கள், போர் தண்ணீர் துணி துவைக்கப் போகட்டும். வராத இடத்தில் ஆர்.ஓ. மெஷின் தண்ணீர். பேஸ்டிலும் ஃப்ளூரைடு இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெரியவர்களுக்குப் பயமே வேண்டாம், துப்பிவிடுகிறோம். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, ஸ்டென்ட் வைத்திருக்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. பல் எடுக்க வேண்டும். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்தோ தையல் போட்டோ என்னால் நிறுத்த முடியும், ஸ்டென்டுக்குள் உறைந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரைச் சீட்டை அப்படியே கொண்டு வந்து காட்டுங்கள், இதய டாக்டரிடம் நாங்களே பேசிக்கொள்வோம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, மாத்திரை எடுக்கிறவர்களும் அதைச் சொல்ல வேண்டும், சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு வராதீர்கள். காலையில் இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுவிட்டு வர வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வராது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல் பூச்சி வெளியே வந்து விழுகிறதே, நானே பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள், ஆனால் அது பல்லிலிருந்து வந்தது இல்லை. பல்லில் புழு பூச்சி கிடையாது. நாம் சாப்பிடும் சர்க்கரையைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி அமிலமாக்குகிறது, அமிலம் பல்லைக் கரைக்கிறது. புகைக்குப் பிறகு வலி கொஞ்சம் குறையலாம், முதல் பதிலை மறுபடி படியுங்கள். கிராம்பு நல்லதுதான், அதில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெயை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் கிராம்புத் தைலத்தை ஈறு மேல் ஊற்றிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள், பஞ்சில் ஒரு துளி, ஓட்டைக்குள் மட்டும். வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

சைக்கிளில் விழுந்து பொண்ணுக்கு முன்பல் வேரோடு வந்துவிட்டது. மறுநாள் எடுத்துப் போனோம், வைக்க முடியாது என்றார்கள். நிஜமா?

மறுநாள் என்றால் பல்லைக் காப்பாற்ற வழி மிகக் குறைவு, நிஜம்தான். மற்றவர்களாவது தெரிந்துகொள்ளட்டும். நிலைத்த பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேல் பாகத்தைப் பிடியுங்கள், மண் இருந்தால் லேசாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டி வாருங்கள். பயமாக இருந்தால் பக்கத்துக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கி, அந்தப் பாலில் பல்லைப் போடுங்கள். அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். பேப்பரில் சுற்றினால் வேர் காய்ந்துவிடும். பால் பல்லாக இருந்தால் திருப்பி வைக்கக் கூடாது.

ஐந்து மாதம் கர்ப்பம், பல் வலி. ஊசி போடலாமா?

போடலாம். நான்கிலிருந்து ஆறு மாதம் வரைதான் பல் வைத்தியத்துக்கு வசதியான காலம். கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகளைத் தவிர்ப்போம். வலியைப் பொறுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதுதான் குழந்தைக்குக் கெடுதல்.

வேப்பங்குச்சியா, பிரஷ்ஷா?

பிரஷ், மென்மையானது, ராத்திரியும். குச்சியை மெல்லப் பிடிக்குமென்றால் மெல்லுங்கள், பிறகு பிரஷ் பண்ணுங்கள்.

பாக்கு போடுகிற பழக்கம். இப்போது காரம் சாப்பிட்டால் எரிகிறது, வாய் முழுசாகத் திறக்கவில்லை. வலி இல்லை.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி வாயில் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் இன்றே பாக்கை நிறுத்துங்கள். கன்னத்தின் உள்சதை நார் நாராக இறுகுகிற நோய் இது, புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு 2004 அறிக்கையில் சொல்லிவிட்டது. தனியாரில் காசு ஆகும் என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. செலவைப் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன், வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் நன்றாகப் பார்ப்பார்கள். உங்கள் விஷயத்தில் வலி இல்லையே என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

டாக்டர், உங்களுக்கு எத்தனை சொத்தைப் பல்?

மூன்று. இரண்டை அடைத்தாயிற்று. மூன்றாவதுக்கு சேலத்தில் இருக்கிற என் தோழி மூன்று முறை நாள் கொடுத்துவிட்டாள், கிளினிக்கில் கூட்டம் என்று நான்தான் போகவில்லை. வலி ஒன்றும் இல்லை.